இரண்டாவது போன்

சுவரோரம் ஓடும் டெலிபோன் ஒயரை ஆள்காட்டி விரலால் தடவிக்கொண்டே நடக்கிறார் மோடம் அக்கா. கம்ப்யூட்டர் பக்கம் இன்னும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “வீட்டுல எத்தனை போன்?” என்று வாசலிலேயே கேட்டாயிற்று. எல்லா வீட்டிலும் “ஒண்ணுதான்” என்பார்கள். அவர் நம்பமாட்டார். ஒயர் போகும் வழியே போய், கட்டிலுக்கு அடியிலோ துணி மூட்டைக்குப் பின்னாலோ கிடக்கும் இன்னொன்றைக் கண்டுபிடித்த பிறகுதான் வேலையைத் தொடங்குவார்.

முப்பது வயதிருக்கும். இன்டர்நெட் இணைப்பு கொடுக்கும் கடையில் வேலை. திருப்புளியைக் கொண்டையில் செருகிக்கொண்டு, அதையே பையைக் கொட்டித் தேடுவார். மோடம் டயல் செய்து கீச்சிடத் தொடங்கினால் கண்ணை மூடிக்கொள்வார். திரையைப் பார்க்கவே மாட்டார். “இந்த மோடம், அந்தப் பக்கத்து மோடம், ரெண்டு பேரும் பேச ஆரம்பிச்சிட்டாங்க. இன்னும் ஒத்துப்போகல... ம், ஒத்துப்போயிட்டாங்க” என்பார். சண்டையை விலக்கிவிட்ட திருப்தி முகத்தில் தெரியும்.

எங்கள் வீட்டில் இரண்டாவது போன் அப்பாவின் அறையில் இருந்தது. “கொஞ்ச நேரம் இதை எடுக்காதீங்க ஐயா. எடுத்தா லைன் அறுந்துடும்.”

“எனக்கு எதுக்கும்மா அதெல்லாம்?” என்று அப்பா பேப்பரைப் பிரித்துக்கொண்டார். கம்ப்யூட்டரே வெட்டிச் செலவு என்பது அவர் கட்சி. வெளிநாட்டு வேலைக்குப் போன என் தம்பியிடமிருந்து நாற்பது நாளாகப் போன் இல்லை. எங்களுக்காக அவனே உண்டாக்கிவிட்டுப் போன முகவரிக்கு மெயில் போட்டிருப்பதாக, நண்பன் மூலம் சொல்லி அனுப்பியிருந்தான். அதிலிருந்து வீட்டில் யாருக்கும் இருப்புக்கொள்ளவில்லை.

மூன்று முறை மோடம் கீச்சிட்டது. மூன்று முறையும் பாதியில் அறுந்தது. “சனியன்!” என்றேன். அக்கா கோபப்படவில்லை. கண்ணைத் திறந்து, எழுந்து, ஓசைப்படாமல் அப்பாவின் அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

அப்பா ரிசீவரைக் காதோடு அழுத்தியபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்தும் அதை வைக்கத் தோன்றவில்லை அவருக்கு.

“அவன் குரல் வரும்னு பாத்தேம்மா... வெறும் இரைச்சலா இருக்கு.”

அக்கா ரிசீவரை வாங்கி வைத்தார். “என்னாச்சு?” என்று கூடத்திலிருந்து அம்மா கேட்டதற்கு, “லைன்ல கொஞ்சம் கோளாறும்மா, சரியாயிடுச்சு” என்று குரல் கொடுத்தார். தாம் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கே அப்பாவை அழைத்து வந்து உட்கார வைத்தார்.

நாலாம் முறை இரண்டு பேரும் ஒத்துப்போனார்கள். தம்பி தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தான். அப்பா கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். “என்ன பாஷைம்மா இது?”

அக்காவுக்கு அடுத்த வீட்டில் வேலை காத்திருந்தது. பையைத் தோளில் மாட்டியாயிற்று. ஆனாலும் குனிந்து, ஒயரைத் தடவி வந்த அதே விரலை முதல் எழுத்தின் கீழ் வைத்தார். அப்பா “அப்... பா...” என்று எழுத்துக் கூட்டி வாசிக்க, அந்த வேகத்துக்கே விரலை நகர்த்திக்கொண்டு போனார்.