ஒரே பாத்திரத்துக்காக வாதாடிய எங்கள் அக்கா

எங்கள் அக்கா கர்த்தருக்குள் இளைப்பாறி ஓராண்டு ஆகிறது. இந்நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலர் அவரோடு வாதாடியவர்கள். சிலர் சண்டையே போட்டவர்கள். நடந்ததை நடந்தபடி, ஆண்டு வரிசை பிசகாமல் எழுதுவதே அவருக்குரிய மரியாதை என்று தம்பியாகிய நான் கருதுகிறேன்.

அக்கா பிறந்தது ஒட்டன்சத்திரத்தில். அப்பா அங்கே காய்கறி மண்டியில் எடை போட்டார். அம்மா இறந்தபோது அக்காவுக்குப் பதினாறு வயது, எனக்கு ஏழு. எனக்குச் சோறு பொங்கிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டே அவர் படித்தார். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் கத்தோலிக்கத் தோழியர், புராட்டஸ்டண்டான அவரிடம் "ஒங்க சபைக்கு என்னடி வயசு?" என்று கேலி செய்வார்களாம். பதில் தேடப் போனவரைத் திருச்சபை வரலாறு பிடித்துக்கொண்டது. திண்டுக்கல்லில் சரித்திர ஆசிரியையாகி, பேகம்பூரில் மருந்துக்கடை வைத்திருந்த அத்தானை மணந்த பிறகும் அது அவரை விடவில்லை.

எங்கள் சபையில் திருவிருந்தின்போது அனைவரும் ஒரே பாத்திரத்தில் திராட்சரசம் அருந்துவது வழக்கம். முன் பெஞ்சுக் குடும்பங்கள் முதலில், பின் பெஞ்சுக் குடும்பங்கள் கடைசியில். அது சாதி வரிசை என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. 1998இல் வந்த புதிய ஆயர் ஒரு மாதம் முன்னாலிருந்தும் மறுமாதம் பின்னாலிருந்தும் அழைக்கத் தொடங்கினார். அதன் பிறகுதான் சபைக்குச் சுகாதாரக் கவலை வந்தது. ஆளுக்கொரு சிறு கிண்ணம் வேண்டும் என்று, சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டியில் தீர்மானம் கொடுத்தவர் அத்தான்.

அத்தானின் கவலை உண்மையானது. "கடைக்கு வாரவன் இருமுறத நாள் பூராப் பாக்குறவன் நான். சாதியப் பாத்துச் சொல்லல புள்ள."

"நீங்க சொல்லல. ஒங்களுக்குப் பின்னால கை தூக்குறவுக சொல்றாக."

சாப்பாட்டு நேரமும் இதே பேச்சாயிற்று. 1415இல் கான்ஸ்டன்ஸ் நகரில் கூடிய கத்தோலிக்கத் திருச்சபைச் சங்கம் பொதுமக்களுக்குப் பாத்திரம் கிடையாது என்று தீர்ப்பளித்ததையும், அதை மீட்கப் பொகேமியா நாட்டவர் உயிரைக் கொடுத்ததையும் அக்கா சொல்வார். 1840களில் நம் மதுரைச் சீமையில், சாதியை விட்டதற்கு அடையாளமாகச் சேர்ந்து உண்ணச் சொன்னபோது மிஷன் ஊழியர் பலர் வேலையை உதறியதையும் சொல்வார். அத்தானும் சளைத்தவர் அல்லர். "தனிக் கிண்ணத்த ஆரம்பிச்சது அமெரிக்காவுல நம்மாளுகதான டீச்சரம்மா? அவுகளும் புராட்டஸ்டண்டுதான்!"

தீர்மானத்தை ஓட்டுக்கு விடச் சபைப் பொதுக்கூட்டம் நடந்த வாரத்தில் அக்காவின் இருமலுக்குப் பரிசோதனை முடிவு வந்தது. காசநோய். வீட்டில் எங்கள் மூவருக்கு மட்டுமே தெரியும். வெளியே சொன்னால் அத்தானின் தீர்மானம் அப்போதே வென்றுவிடும். அத்தான் என்னைத் தனியே அழைத்தார். "நான் வாயத் தொறக்க மாட்டேன். நீயும் தொறக்காத மாப்ள."

கூட்டத்தில் அக்கா வாயில் துணியோடு சன்னலோரம் தனியாக அமர்ந்திருந்தார். கமிட்டி மூப்பர் ஒருவர், "டீச்சரம்மா, அந்த 1415ல காசநோய்க்கு மருந்து இருந்துச்சா?" என்றதும் எல்லோரும் சிரித்தார்கள்.

அக்கா எழுந்தார். "இப்ப இருக்குங்கய்யா. நாந்தான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்."

சிரிப்பு நின்றது. அத்தான் தலை குனிந்துகொண்டார்.

"இந்த வாரந்தான் தெரிஞ்சுச்சு. இது இருமல்ல பரவும், பாத்திரத்துல இல்லன்னு டாக்டர் சொல்றாரு. ரெண்டையும் கேட்டுக்கிட்டு ஓட்டுப் போடுங்க. மறைச்சு ஜெயிக்க நான் வரல."

டாக்டர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. தீர்மானம் நிறைவேறியது. அதைக் கொண்டுவந்த அத்தான் ஆதரவாகவும் கை தூக்கவில்லை, எதிராகவும் தூக்கவில்லை.

சிகிச்சைக் காலத்தில் அக்கா ஆலயத்துக்குப் போகவில்லை. நோய் நீங்கிவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகு, 1999இல் மீண்டும் திருவிருந்துக்கு வந்தார். பெண்கள் பக்கம் முழங்காலிட்டார். அவருக்கு இருபுறமும் இருந்தவர்கள் நகர்ந்துகொண்டார்கள். சிறு கிண்ணம் வந்துவிட்டது. பயம் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. 

அப்போது ஆண்கள் பக்கத்திலிருந்து அத்தான் எழுந்து, நடைபாதையைக் கடந்து வந்து, அக்காவின் அருகே முழங்காலிட்டார். ஆயர் கிண்ணத் தட்டை நீட்டினார்.

"எங்களுக்கு ஒண்ணு போதுங்கய்யா."

ஆயர் தயங்கினார். "என்னங்க பண்றீங்க? தீர்மானம் ஒங்களோடது" என்று அக்கா முணுமுணுத்தார்.

"அது சபைக்கு. நீ எனக்கு. குடி புள்ள, பாதிய வையி."

அக்கா பாதி அருந்தினார். மீதியை அத்தான் அருந்தினார்.

அதன் பிறகும் அக்கா ஆண்டுதோறும் பொதுக்கூட்டத்தில் ஒரே பாத்திரத்துக்காக எழுந்து பேசினார், ஆண்டுதோறும் தோற்றார், தோற்ற பிறகு மற்றவர்களைப் போலவே சிறு கிண்ணத்தில் அருந்தினார். சபை கூடி எடுத்த முடிவை மீற எனக்கு உரிமையில்லை, மாற்றத்தான் உரிமை என்பார். 2007இல் இதயம் பலவீனமாகிப் படுத்தவர், வலியிலும் முகம் சுளிக்காமல் விடைபெற்றார்.

நோய்க்காலத்தில் பயப்படாமல் வீட்டுப்படி ஏறிய ஆயருக்கும், மருந்து கொடுத்துக் கண்காணித்த நர்ஸ் அம்மாவுக்கும், கடைசி நாட்களில் மாற்றி மாற்றி உடனிருந்த பின் பெஞ்சுச் சகோதரிகளுக்கும், கூட்டத்தில் அவரை எதிர்த்துப் பேசினாலும் பெட்டிக்குத் தோள் கொடுத்த மூப்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

நினைவு ஆராதனையன்று மட்டும் பழைய பாத்திரத்தை எடுக்கலாமா என்று ஆயர் அன்போடு கேட்டார். அத்தான் மறுத்துவிட்டார். "எரக்கப்பட்டுக் குடுத்தா அவ வாங்க மாட்டாங்கய்யா. ஓட்டுல ஜெயிச்சு எடுப்போம்."

வரும் பொதுக்கூட்டத்தில் ஒரே பாத்திரத்துக்கான தீர்மானம் மறுபடியும் வருகிறது. இம்முறை முன்மொழிபவர் அத்தான்.