கிழிக்கப்பட்ட மூன்றாம் பக்கம்

கால்நடை மருத்துவர் தேவசகாயம் ஒரு குதிரையைப் பற்றி எழுதிய அறிக்கையின் மூன்றாம் பக்கத்தைக் கிழித்துவிட்டு, மற்ற இரண்டு பக்கங்களை மட்டும் ஊருக்கெல்லாம் அனுப்பினார்கள். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போடுவது அவர் வழக்கம். அது அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. இலஞ்சிப் பக்கம் அவரும் நானும் வேலை பார்த்த பந்தயக் குதிரைப் பண்ணையில் நடந்த அநியாயம் இது. அந்தப் பழியோடுதான் போன வெள்ளிக்கிழமை ஆலங்குளத்தில் அவர் இறந்தார்.

போனில் செய்தி சொன்னது அவர் மனைவி. “டாக்டர் போயிட்டாவ அண்ணாச்சி. நேத்துகூட அந்தக் குதிரை இன்னும் அங்கனதான் நிக்குதான்னு கேட்டாவ.”

நிற்கிறது. இந்தப் பருவத்துக்கும் பொலிக்கு நிறுத்தியிருக்கிறார்கள்.

இனவிருத்திக்கு விடும் பொலிகுதிரையைப் பார்க்க வருகிறவர்கள், அது ஜெயித்த கோப்பைகளை எண்ணுவார்கள். தேவசகாயம் அதைக் கேட்கவே மாட்டார். “எத்தனை ஜெயிச்சுதுங்கதை விடும்வே. எத்தனை வருசம் நோகாம ஓடுச்சு, அதைச் சொல்லும்” என்பார். பிறகு குதிரையைச் சாரலில் நனைந்த புல்லிலிருந்து காய்ந்த சிமெண்டுத் தரைக்கு நடத்தி வரச் சொல்வார். விழுந்த ஈரத் தடத்தை, அது காயும்வரை குந்தி உட்கார்ந்து பார்ப்பார். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் நான். லாடம் கட்டுவது என் வேலை, அதுவும் நானாகப் பார்த்துக் கற்றது. ஆனாலும் குளம்பைப் பற்றி நான் சொல்வதைக் கேட்டு எழுதி, அதன் கீழே என் கையெழுத்தையும் வாங்குவார்.

அந்தச் செவலைக் குதிரை வந்தபோது அதன் வலது முன்னங்கால் தடம் மட்டும் வெளியே சாய்ந்து விழுந்தது. முழங்காலின் உட்புறம் விரலால் தடவி ஒரு பழைய தழும்பைக் கண்டுபிடித்தார். கோணல் காலைக் குட்டியிலேயே அறுத்து நிமிர்த்தியிருக்கிறார்கள் என்றார். அது பந்தயத்தில் ஓடியதும் ஒரே பருவம். பிறகு கால் வீங்கி நின்றுவிட்டது. இதெல்லாம் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. அதன் கடைசி வரி எனக்கு மனப்பாடம்: ‘இதன் காலை நிமிர்த்திவிட்டார்கள், பிறக்கப்போகும் குட்டியின் காலை யார் நிமிர்த்துவது? பொலிக்கு விட வேண்டாம்.’

பெட்டைக் குதிரைக்காரர்கள் பார்வையிட வந்த நாளில், மேலாளர் என்னைக் கூப்பிட்டு வலது குளம்பை அராவிக் கால் நேராகத் தெரியும்படி செய்யச் சொன்னார். செய்தேன். தேவசகாயம் வந்து குளம்பைத் தூக்கிப் பார்த்தார். “நல்ல வேலைப்பாடுவே இசக்கி. பொறக்குத குட்டிக்கெல்லாம் நீரு அரத்தோட வந்து நிப்பீராக்கும்?” என்றார். ஒரு மாதம் நான் அவரோடு பேசவில்லை. வந்தவர்கள் அறிக்கையை முழுதும் படித்திருப்பார்கள் என்று நம்பி அவரும் ஒதுங்கிக்கொண்டார்.

செவலைக்குப் பிறந்த குட்டிகளில் பல வலது காலை வெளியே தள்ளி வைத்தன. அவற்றில் ஒரு பெண்குதிரை, வளர்ந்து ஓடிய இரண்டாவது பந்தயத்திலேயே முன்னங்கால் முறிந்து விழுந்தது. ஊசி போட்டு முடித்தார்கள். அதன் சொந்தக்காரர்கள் குற்றாலத்தில் பண்ணை முதலாளியின் பங்களாவுக்கு வந்து நியாயம் கேட்டார்கள். டாக்டரையும் என்னையும் அங்கே வரச் சொல்லியிருந்தார்கள். மேலாளர் இரண்டு பக்கங்களை எடுத்து நீட்டி, டாக்டர் தேறும் என்று எழுதியதால்தான் விட்டோம் என்றார். அந்தப் பக்கங்களில் இருந்தவை பல், கண், இதயம், மூச்சு. எல்லாம் நன்று. தேவசகாயத்திடம் நகல் இல்லை.

மூன்றாம் பக்கம் உண்டு, அதில் என் கையெழுத்தும் உண்டு என்று நான் எழுந்தேன். மேலாளர் குரலை உயர்த்தவே இல்லை.

“அப்பம் குளம்பை அராவுனது யாருவே?”

நான் உட்கார்ந்துவிட்டேன்.

தேவசகாயம் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். வெளியே வந்தபோது, “மழை வருது. வீட்டுக்குப் போம்வே” என்றார். அதற்குப் பிறகு எந்தப் பண்ணையும் அவரை அழைக்கவில்லை.

அவர் விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது, ஈரத் தடத்தைப் படிக்கும் கண்ணும் அந்தக் கடைசி வரியும்தான். அவர் எடுத்து வைக்காத நகல் இப்போது நான்தான்.

அவரை அறிந்தவர்களே, இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். அறிக்கை போன ஒவ்வொரு வீட்டுக்கும், மூன்றாம் பக்கம் ஒன்று இருந்தது என்று முதலாளி எழுத வேண்டும். மேலாளர் ஆலங்குளம் போய் டாக்டரின் மனைவி முன்னால் நின்று அதைச் சொல்ல வேண்டும். இப்போது பண்ணைக்கு வரும் மருத்துவர், செவலையை ஈரப் புல்லிலிருந்து சிமெண்டுத் தரைக்கு நடத்திப் பார்க்க வேண்டும். பெட்டைக் குதிரை வைத்திருப்பவர்கள் இந்தப் பருவத்தில் ஒன்றைக்கூட அங்கே அனுப்பக் கூடாது. அன்று பங்களாவில் கேட்ட கேள்விக்கு லாடக்கார இசக்கிமுத்து பதில் சொல்ல வேண்டும்.

நான்தான் அராவினேன்.