இடக்கைச் சதுரங்கள்

சென்ற ஆண்டு ஐப்பசியில், ஆரணியில் என் வீட்டில் தொடங்கியது இது. என் மனைவி மறைந்து அப்போது ஓராண்டு நிறைந்திருந்தது. வருட திதி முடிந்து உறவினர்கள் புறப்பட்டுப் போனபின், வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன் மட்டும் சில நாள் கூடுதலாகத் தங்கினான். ஒரு பிற்பகலில் அவன் தன் அம்மாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த, கொக்கி ஊசியால் பின்னிய குரோஷா வேலைகளை எல்லாம் எடுத்துக் கட்டிலில் பரப்பினான்.

"பூச்சி அரிக்க ஆரம்பிச்சிடுச்சுப்பா. இப்படியே வெச்சிருந்தா ஒண்ணும் மிஞ்சாது. வெளியில இதுக்கெல்லாம் மதிப்பு இருக்கு. வேணும்னு கேக்கறவங்க கைக்காவது போகட்டுமே" என்றான்.

பழைய கைவேலைப் பொருட்களை விற்கும் இணையதளம் ஒன்றில் எனக்காக ஒரு பக்கம் திறந்து, படம் எடுக்கும் முறையையும் விவரம் எழுதும் முறையையும் கற்றுக்கொடுத்துவிட்டு விமானம் ஏறினான்.

நான் அரசுக் கல்லூரியில் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஓய்வூதியம் ஒருவனுக்குத் தாராளமாகப் போதும். ஆனால் காலைப் பொழுதுகளுக்கு ஒரு வேலை தேவைப்பட்டது. எங்கள் தெருவில் இருபுறமும் தறிகள் ஓடும். அவை ஓடும்வரை பிரச்சினை இல்லை. சாப்பாட்டு வேளையில் அவை நிற்கும்போதுதான் வீட்டில் வேறு யாரும் இல்லை என்பது காதில் விழும்.

எதையும் முறையாகப் படித்துவிட்டுத் தொடங்குவது என் பழக்கம். கைப்பின்னலை எப்படி இனம் காண்பது, நூலின் வயதை எதைக்கொண்டு கணிப்பது, பழுப்பேறிய வெள்ளையை எப்படித் துவைப்பது என்று சில வாரங்கள் படித்தேன். பிறகு ஒவ்வொன்றாகப் படம் எடுத்துப் போட்டேன். பால் பாத்திரத்தை மூடுவதற்கு ஓரமெங்கும் பாசிமணி கோத்த வலை, ஊறுகாய் ஜாடிக்கு ஒரு தொப்பி, வானொலிப் பெட்டிக்குச் சட்டை, மீன் வடிவில் ஒரு சில்லறைப் பை. வாங்குபவர்கள் முதலில் கேட்பது, "இது கையால் பின்னியதா, மெஷினா?" என்பதைத்தான். குரோஷாவைப் போலத் தோற்றமளிக்கும் துணியை இயந்திரங்கள் செய்யும். உண்மையான குரோஷாவைப் பின்னும் இயந்திரம் கிடையாது, ஒவ்வொரு கண்ணியும் ஒருவர் கை இழுத்ததுதான் என்று பதில் எழுதுவேன். சில நாட்களில் நான் பிறரோடு பேசியது அந்தப் பதில் மட்டுமாக இருக்கும்.

பக்கத்து வீட்டு நெசவாளர் குடும்பத்து அம்மா மதில்மேல் கையூன்றிக் கேட்டார்: "இன்னா சார், ஆன்லைன்ல கடை போட்டுகினீங்களாமே? பக்கத்து வூட்டுக்கெல்லாம் தள்ளுபடி கெடையாதா?"

அவருக்கு வானொலிச் சட்டையைக் கொடுத்தேன். அவர் வீட்டில் வானொலி இல்லை. மிக்ஸிக்குப் போட்டிருக்கிறார்.

பெட்டியின் அடியில் இருந்தது ஒரு கட்டில் விரிப்பு. வெள்ளைப் பருத்தி நூலில் பின்னிய உள்ளங்கை அளவுச் சதுரங்களை ஒன்றோடொன்று இணைத்துச் செய்தது. ஒவ்வொரு சதுரத்தின் நடுவிலும் பட்டு நூலில் ஒரு சிறு பூ. பச்சை, அரக்கு, மாம்பழ மஞ்சள் என்று பூவுக்குப் பூ நிறம் வேறு. தெருவில் தறிக்காரர்கள் ஒதுக்கும் பட்டு நூல் துண்டுகளை என் மனைவி கேட்டு வாங்கி வருவதைப் பார்த்திருக்கிறேன். அவை எங்கே போயின என்பதை அன்றுதான் பார்த்தேன்.

படம் எடுப்பதற்காகக் குனிந்தபோது ஒன்று உறுத்தியது. இத்தகைய சதுரம் நடுவில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி வளர்வது. வலக்கையால் பின்னினால் சுற்று ஒரு திசையில் போகும். இடக்கையால் பின்னினால் கண்ணாடியில் தெரிவதுபோல எதிர்த்திசையில் போகும். கொடிகள் எந்தப் பக்கமாகச் சுற்றி ஏறுகின்றன என்பதைப் பல்லாண்டுக் காலம் கரும்பலகையில் வரைந்து காட்டியவனுக்கு இது கண்ணில் படாமல் போகாது. அந்த விரிப்பில் ஒன்றுவிட்டு ஒரு சதுரம் எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. என் மனைவி வலக்கைப் பழக்கம் உள்ளவள். ஆகவே இது இருவர் வேலை. இரண்டாமவர் யார் என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை.

"இருவர் கைவேலை, ஒருவர் இடக்கைப் பழக்கம் உள்ளவர். சதுரங்கள் மாறி மாறி அமைந்தவை. நடுப்பூக்கள் ஆரணிப் பட்டு நூல்" என்று விவரத்தில் எழுதினேன். சென்னையில் பழைய வீடுகளைத் தங்கும் விடுதிகளாக மாற்றும் ஒருவர் உடனே கேட்டார். காகிதத்தில் சுற்றிப் பார்சல் கட்டிவிட்டுக் கூரியர்காரருக்காகக் காத்திருந்த பகல் வேளையில் கைப்பேசி அடித்தது.

"சார், வணக்கம். போளூர்ல இருந்து பேசறேன். அந்தக் கட்டில் விரிப்பு இருக்குதுங்களா?"

"ஆர்டர் வந்துடுச்சும்மா. பார்சல் கட்டியாச்சு."

அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஒரே ஒரு உதவி சார். அத்தக் கொஞ்சம் பிரிச்சிப் பாக்கறீங்களா? எல்லாக் கட்டத்துலயும் கலர் பூ இருக்கும். ஒரு மூலையில மட்டும் கறுப்புப் பூ ஒண்ணு இருக்கணும்."

படத்தில் எல்லா மூலைகளும் தெரியவில்லை. ஒரு பகுதியை மடித்துப் போட்டிருந்தேன். கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டுக் கயிற்றை அவிழ்த்தேன். மூன்றாவது மூலையில் கறுப்புப் பட்டில் ஒரு பூ இருந்தது. எதிர்ப்பக்கமாகச் சுற்றிய சதுரம்.

"இருக்கும்மா" என்றேன்.

"அது எங்கம்மா போட்டது சார்" என்றார். அழுகிறாரா என்பது தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

கூரியர்காரரைத் திருப்பி அனுப்பினேன். சென்னைக்காரருக்கு வருத்தம் தெரிவித்து எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் போளூர்ப் பெண் பேருந்தில் வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. போளூரில் மருந்துக் கடை வைத்திருக்கிறார். என் மனைவி இப்போது இல்லை என்பதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருந்தேன். திதிக்குப் பிறகு என் வீட்டு வாசற்படி ஏறி வந்த முதல் விருந்தாளி. கட்டிலில் விரித்துக் காட்டியதும் தொடவில்லை. "கையக் கழுவிகினு வந்துடறேன் சார்" என்று பின்கட்டுக்குப் போனார். ஈரக் கையைப் புடவையில் நன்றாகத் துடைத்துவிட்டு வந்து, அந்தக் கறுப்புப் பூவின்மேல் ஒற்றை விரலை வைத்தார்.

"திருஷ்டிப் பொட்டு சார் இது. உங்க வூட்டு டீச்சரம்மா கறுப்பு கூடவே கூடாதுன்னு சண்டையாம். நல்ல நாளுக்கு விரிக்கறதுல கறுப்பு எதுக்குன்னு. எங்கம்மா இன்னா சொன்னாங்க தெரியுமா? 'ஆரணி, இவ்ளோ அழகா வந்துகினு இருக்குது, ஊர்க் கண்ணு படாதா? கொழந்தைக்குக் கன்னத்துல வெக்கற மாதிரி ஒண்ணே ஒண்ணு வெச்சுடறேன்'னு. டீச்சரம்மா அசந்து தூங்கற நேரமாப் பாத்துப் பின்னிட்டாங்களாம். அப்புறம் டீச்சரம்மாவே அத மூலையில சேத்துகினாங்களாம்."

"ஆரணின்னா கூப்பிடுவாங்க?"

"ஆமாம் சார். எங்கம்மாவுக்கு அவங்க ஆரணி, அவங்களுக்கு எங்கம்மா களம்பூர். பேரு சொல்லிப் பேசிகினதே கெடையாது."

என் மனைவி போளூரில் பெண்கள் பள்ளி ஆசிரியை. பணிக்காலம் முழுவதும் இங்கிருந்து பேருந்தில் போய்வந்தவள். இவருடைய தாயார் போளூர் தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்தவர்; வழியில் களம்பூரில் ஏறுவாராம். இரவுச் சாப்பாட்டின்போது என் மனைவி, "இந்த வருஷம் மழை பத்தாதுன்னு களம்பூர் சொல்றாங்க" என்பாள். "களம்பூர் மருமக உண்டாயிருக்காங்களாம்" என்பாள். எங்களுக்கு அரிசி கொண்டுவந்து போடுபவர் களம்பூர்க்காரர். அவரைத்தான் சொல்கிறாள் என்றே அத்தனை காலமும் நினைத்திருந்தேன். ஒருமுறை அவரிடம் மருமகளின் உடல்நிலையை விசாரித்ததும், மகனே இல்லாத அந்த மனிதர் என்னை விழித்துப் பார்த்ததும் நினைவுக்கு வந்தன.

இதைச் சொன்னபோது அவர் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். என் சிரிப்பொலி எனக்கே அந்நியமாக இருந்தது.

"சீட்டுக்குத்தான் சார் தெனம் கூத்து. எங்கம்மா இட்து கை. அவங்க இட்து பக்க ஜன்னலோரம் உக்காந்து, டீச்சரம்மா இந்தாண்ட உக்காந்தாத்தான் ரெண்டு பேர் கைமுட்டியும் வெளிப்பக்கம் போகும். மாறி உக்காந்தா ரெண்டு முட்டியும் இடிச்சிகினே இருக்கும். அதனால டீச்சரம்மா ஆரணியிலயே ஜன்னலோர சீட்டுல கர்சீப்பப் போட்டுட்டு, பக்கத்துல உக்காந்துகினு வருவாங்களாம். எவன் வந்து கேட்டாலும், 'ஆள் வருது, ஆள் வருது'ன்னு களம்பூர் வரைக்கும் சண்டை. கண்டக்டரு ரெண்டு பேருக்கும் தறி மிஷினுன்னே பேரு வெச்சிட்டாராம்."

இருவரும் இப்படி இரண்டு விரிப்புகள் செய்து ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டார்கள். ஓய்வு பெற்றபின் தொடர்பு விட்டுப்போயிற்று. தாயார் இறந்தபோது இங்கே தகவல் சொல்ல அவர்களுக்கு வீடும் தெரியாது, பெயரும் தெரியாது.

"உங்க வீட்டு விரிப்பு என்னம்மா ஆச்சு?"

"அம்மா போனதும் எங்கண்ணி பழைய துணியோட சேத்துப் பாத்திரக்காரங்கிட்ட போட்டுட்டாங்க சார். ஒரு எவர்சில்வர் டப்பாவுக்கு. அந்த டப்பாவுலதான் இன்னிக்கும் துவரம் பருப்பு கொட்டி வெச்சிருக்காங்க. நான் அண்ணன் வூட்டுக்குப் போனா சாம்பார் ஊத்திக்க மாட்டேன். ரசம்தான்." சொல்லும்போது சிரித்தார். முடிக்கும்போது சிரிப்பு இல்லை. "அம்மா கையால பண்ணதுன்னு எங்கிட்ட வேற ஒண்ணுமே கெடையாது சார். கடைய சாத்திட்டு வந்து தெனம் போன்ல தேடுவேன். எங்கனா, யாருனா விக்க மாட்டாங்களான்னு."

அவர் எதற்காக வந்திருக்கிறார் என்பது தொலைபேசியிலேயே புரிந்திருந்தது. முகம் தெரியாத ஒருவருக்கு அந்த விரிப்பைக் கட்டி அனுப்பத் தயாராக இருந்தவன்தான் நான். அவருடைய அழைப்பு வரும்வரை அது பெட்டியில் கிடந்த ஒரு பழைய துணி. இப்போது அதில் என் மனைவி பேருந்தில் உட்கார்ந்து வழக்காடிக்கொண்டு இருந்தாள். நான் அறியாத அவள். கேட்க உரிமையுள்ள ஒரே ஆள் எதிரே நிற்கும்போது கொடுக்கக் கை வரவில்லை.

அவருக்கு அது புரிந்திருக்க வேண்டும். "முழுசா வேணாம் சார். இந்தக் கறுப்புக் கட்டம் ஒண்ணு மட்டும் பிரிச்சித் தந்தீங்கன்னா போதும்" என்றார்.

நியாயமான பங்கீடு. மனைவியின் சிறு கத்தரியை எடுத்துவந்து, கண்ணாடியை மாற்றிக்கொண்டு குனிந்தேன். சதுரங்களைத் தனித்தனியாகப் பேருந்தில் பின்னினாலும் அவற்றை இணைத்தது என் மனைவியாம். விடுமுறை நாட்களில் வீட்டில் உட்கார்ந்து இணைப்பாளாம். அந்த இணைப்பு நூலைத் தேடிப் பிடித்துக் கத்தரியின் நுனியை அதன் அடியில் நுழைத்தேன். ஆனால் விரல்கள் மடங்கவில்லை.

"வேணாம் சார். வெச்சிடுங்க" என்று அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். "நான் பாத்துட்டேன். தொட்டுட்டேன். அது போதும் எனக்கு. நீங்க விக்காம வெச்சிகினா மட்டும் போதும்."

வெறுங்கையோடு போளூருக்குத் திரும்ப அவர் உண்மையாகவே தயாராக இருந்தார். கைப்பையைக்கூட எடுத்து மாட்டிக்கொண்டார். அந்த நொடியில்தான் என்னால் தெளிவாக யோசிக்க முடிந்தது. என் மனைவியின் கை வேலை எனக்கு ஒரு பெட்டி நிறைய இருக்கிறது. இவருடைய தாயாரின் கை உலகத்தில் இந்த ஓரிடத்தில் மட்டும் இருக்கிறது. ஒன்றைவிட்டு ஒன்றை எடுத்தால் இரண்டுமே வெறும் துண்டுகள்.

விரிப்பை மடித்தேன். அது என் வழக்கத்துக்கு மாறாக ஒழுங்கில்லாமல் மடிந்தது. "ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து போனவங்க. நாம பிரிக்க வேண்டாம்மா. முழுசா எடுத்துட்டுப் போங்க" என்றேன்.

"டீச்சரம்மாவும் இதுல இருக்காங்களே சார்."

"இருக்கட்டும். களம்பூரோடதானே போறா."

பேருந்து நிலையம்வரை உடன் நடந்தேன். போளூர் வண்டி கிளம்பும்போது அவர் பையை மடியில் வைத்து இரு கைகளாலும் அணைத்திருந்தார். நான் வீடு திரும்பியபோது தெருவில் தறிகள் நின்றிருந்தன. கட்டில் வெறுமையாக இருந்தது. கத்தரியை அதன் இடத்தில் வைத்துவிட்டு, காலையில் மீந்த சோற்றில் மோர் ஊற்றிச் சாப்பிட்டேன்.

மறுவாரம் அவர் ஒரு படம் அனுப்பினார். தம் வீட்டுக் கட்டிலில் அழகாக விரித்திருந்தார். உற்றுப் பார்த்தபின் தெரிந்தது: பின்புறம் மேலே வரும்படி போட்டிருக்கிறார். பின்புறத்தில் திசைகள் மாறிவிடும். அவருடைய தாயாரின் சதுரங்கள் என் மனைவி பின்னியவைபோலவும், என் மனைவியின் சதுரங்கள் இடக்கை வேலைபோலவும் சுற்றிக்கொண்டிருந்தன. திருப்பிப் போடும்படி எழுதத் தொடங்கி, எழுதியதை அழித்தேன்.

பெட்டியில் மீதி இருப்பவற்றை இன்னமும் விற்றுவருகிறேன். வீட்டில் பகல் வேளைகள் முன்புபோலவேதான் இருக்கின்றன. ஆயினும், அத்தனை ஆண்டுகளும் அவள் அந்தப் பேருந்தில் தனியாகப் போய்வரவில்லை, பக்கத்து இருக்கையில் ஒருவரை வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே போயிருக்கிறாள் என்பதை, எனக்குப் பக்கத்தில் யாரும் இல்லாத இந்த நாட்களில் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அது எனக்கு வருத்தமாக இல்லை.