புதுத் தகட்டில் பழைய ஓட்டைகள்

பழைய பிக்கப்புக்குப் புதிய தகடு பொருத்தும் தொழிலில் கோபத்தை அடக்கத் தெரியாதவர் ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடிக்க மாட்டார் என்பார்கள். யுத்தகாலம் முழுவதும் கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு கராஜை நடத்திய நான் அதை ஒருநாளும் அடக்கவில்லை. திருத்தக் கொடுத்த வண்டிக்காகக் கராஜ் வாசலில் காத்துக் கிடந்து நொந்தவர்கள் நீங்கள். உள்ளே நிற்பவரும் நொந்துதான் நிற்கிறார் என்பதைக் காட்ட மரியதாசின் பிக்கப் ஒன்றே போதும்.

அச்சொட்டாக அதே சாமான்

மரியதாஸ், விடியலில் முகத்துவாரத்தில் மீன் வாங்கி வெள்ளவத்தைக்கு ஏற்றிப் போகிறவர். ஐஸ் நீரும் உப்பும் அவருடைய பிக்கப்பின் பின்பெட்டியை அரித்து, பக்கத் தகடுகளில் கை நுழையும் அளவுக்கு ஓட்டைகளை உண்டாக்கியிருந்தன. அசல் தகடு கொழும்பில் எங்குமே கிடைக்கவில்லை. ஆகவே, அசலைப் பார்த்துச் செய்த தகடுகளை, உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் வாங்கினேன். அச்சொட்டாக அதே சாமான் என்று சத்தியம் செய்யாத குறையாக விற்றார் கடைக்கார முஸ்லிம் நானா.

பொருத்திப் பார்த்தால் ஆணித்துளை ஒன்றுகூட நேருக்கு வரவில்லை. சில்லுக்கு மேலே இருக்க வேண்டிய வளைவு, சில்லை விட்டு இரண்டு விரல் பின்னால் நின்றது. தகட்டைத் தூக்கிக்கொண்டுபோய் அவருடைய மேசையில் போட்டு, அளவுநாடாவை வைத்துக் காட்டினேன். நானா நாடாவைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"தகட்டுல பிழ ஒண்டும் இல்ல மிஸ், ஒங்கட வண்டிதான் கோணலா ஈக்கி."

விரல் நுழையும் இடைவெளி

வேறு வழியின்றித் தகட்டை வெட்டி, வளைவை முன்னே நகர்த்தி, மறுபடி வெல்டிங்கில் ஒட்டினோம். ஒட்டியவர் என்னிடம் நெடுங்காலம் டிங்கரிங் என்னும் தகட்டு வேலை செய்த சிங்கள மேஸ்திரி, குணபால பாஸ். பின்கதவை மூடினால் இடப்பக்கம் விரல் நுழைந்தது. வலப்பக்கம் தாள்கூட நுழையவில்லை. கழற்றச் சொன்னேன். மறுபடி பூட்டியும் அதே கதை. மறுபடியும் கழற்றச் சொன்னேன். அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வியர்வையைத் துடைத்தார்.

"மீன் ஏத்துற வண்டிதானே நோனா, இதில மாப்பிள்ளையா வரப்போறார்?"

நல்ல வேலையின் கூலி

இறுதியில் இடைவெளி இருபக்கமும் ஒத்து வந்தது. ஒட்டின தடம் கண்ணுக்குத் தெரியவில்லை. மரியதாஸ் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து மகிழ்ந்து போனார்.

அடுத்த கிழமை திரும்பி வந்தார். அவரை நாள்தோறும் கண்டு பழகிய சோதனைச் சாவடிச் சிப்பாய், புதிய தகட்டை விரலால் தட்டிப் பார்த்திருக்கிறான். பின்பெட்டியின் பக்கம் இரட்டைத் தகடு, உள்ளே வெற்றிடம், ஓசை 'ணங்' என்று வந்திருக்கிறது. "முந்தி ஓட்டையால் உள்ளே எல்லாம் தெரிந்தது, இப்போது எதை வைத்து மூடியிருக்கிறாய்?" என்று சிங்களத்தில் கேட்டானாம். அன்றுதான் முதல்முறையாக அடையாள அட்டையை வாங்கி, அதில் தமிழ்ப் பெயரைப் படித்த பிறகு அவனுடைய குரலும் மாறியதாம். தகட்டை நெம்பித் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று கண்ட பின்னரும், நண்பகல்வரை அவரை முழந்தாளில் வைத்திருந்தார்கள். மீன் அத்தனையும் நாறிப்போயிற்று.

வேலை பிழையென்றால் என்னைத் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். சரியாகச் செய்த வேலைக்காக ஒரு மனிதனை வெயிலில் முழந்தாளில் வைப்பது எந்த ஊர் நியாயம்? நான் கத்தியதைத் தெருவே கேட்டது. மரியதாஸ் மட்டும் கத்தவில்லை.

"நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க அக்கா, அதுதான் கரைச்சல். பழைய ஓட்டையெல்லாம் அதே இடத்தில போட்டுத் தாங்க. அடுத்த தரம் மீன் மட்டும் இல்ல, நானும் போயிருவேன்."

நான் போட்ட ஓட்டைகள்

முடியாது என்றேன். சந்தேகத்தின்பேரில் கூட்டிச் செல்லப்பட்டவர்களில் எத்தனை பேர் வீடு திரும்பினார்கள் என்பது நினைவுக்கு வந்தது, முடியும் என்றேன். குணபால பாஸ் தொட மறுத்துவிட்டார். தான் ஒட்டியதைத் தானே கெடுப்பதில்லையாம். ஆத்திரத்தோடு நானே துளைக்கருவியை எடுத்தேன். அளந்து, குறியிட்டு, பக்கத்துக்கு நான்கு ஓட்டைகள் போட்டு, விளிம்பையும் அரத்தால் தேய்த்து வழவழப்பாக்கினேன். பாஸ் அருகில் வந்து ஒவ்வோர் ஓட்டையிலும் விரலை விட்டுப் பார்த்தார்.

"நோனா, துரு கவராயம் வச்சு வட்டம் கீறிச் சாப்பிடுறதில்லைதானே?"

பிறகு அவரே தகடு வெட்டும் கத்தரியை வாங்கி, விளிம்புகளைத் தாறுமாறாகக் கிழித்து, உப்புநீரும் பூசிவிட்டார்.

சாவடியைத் தாண்டியது

பிக்கப் சாவடிக்குப் போன காலை, எனக்கு வேலை எதிலும் கை ஓடவில்லை. மீனை இறக்கிவிட்டு மரியதாஸ் நேரே கராஜுக்கு வந்தார். வந்தவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார். அதே சிப்பாய்தானாம். பழைய தகடே திரும்பி வந்ததாக எண்ணினானோ என்னவோ, குனிந்து ஓட்டைகளூடாக உள்ளே பார்த்தானாம். கையசைத்துப் போகச் சொன்னானாம். போகும்போது பின்னாலிருந்து கூப்பிட்டு ஒன்று கேட்டானாம். தயங்கித் தயங்கி மரியதாஸ் அதைத் தமிழில் சொன்னார்.

"'இவ்வளவு ஓட்டையோட ஓடுறியே ஐயா, உங்கட கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒழுங்கா டிங்கரிங் செய்ற ஒரு கராஜ்கூட இல்லையா?'"

செம்மையாகச் செய்த வேலை ஒரு மனிதனை முழந்தாளில் வைத்த நகரத்தில், என் கராஜ் உருப்படியாகச் செய்து முடித்த ஒரே வேலை அதைக் கெடுத்ததுதான்.