ஆண்டு விழா மேடையில் ஹெப்சிபா

கே.கே. நகரில் ஒரு கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள் ஹெப்சிபா. ஊசி இறங்குவதே தெரியாது என்று அவளிடம் வருகிறவர்கள் சொல்வார்கள். அவள் மகள் ஜெஸிக்குச் சின்ன வயதிலிருந்தே பேச்சு திக்கும். ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது, பள்ளியின் காலை ஜெபத்தில் வேத வசனம் வாசிக்கும் முறை ஜெஸிக்கு வந்தது. வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று வாசித்துப் பழகிவிட்டுத்தான் போனாள். மேடையில் முதல் எழுத்திலேயே நாக்கு நின்றுவிட்டது. தலைமையாசிரியர் ஜெரால்ட் மைக்கை வாங்கி, அவள் திக்கிய மாதிரியே திக்கிக் காட்டினார். “இப்படி வாசிச்சா ஆமென் சொல்ல சாயங்காலம் ஆயிரும்” என்றார். மைதானமே சிரித்தது.

ஜெஸி வீட்டுக்கு வந்து அழவில்லை. பேசுவதை நிறுத்திக்கொண்டாள். எது கேட்டாலும் தலையசைப்புதான். கூடப் படிக்கிற பிள்ளைகள் சொல்லித்தான் நடந்தது ஹெப்சிபாவுக்குத் தெரிந்தது.

மறுநாள் ஹெப்சிபா பள்ளிக்குப் போனாள். ஜெரால்ட் அவளுக்குக் காபி வரவழைத்தார்.

“கூச்சம் போகட்டும்னு தமாஷுக்குச் சொன்னதும்மா. அதைப் போயி இம்புட்டு பெருசா எடுத்துக்கலாமா? பெத்தவங்களும் டீச்சர்மாரும் ஒரே குடும்பம் மாதிரில்ல.”

காபியைத் தொடாமல் எழுந்து வந்தாள்.

“வேற ஸ்கூல்ல சேத்துருவோம்” என்றார் கணவர் மெர்வின். ஜெஸியும் கெஞ்சுகிற மாதிரி அம்மாவைப் பார்த்தாள்.

“நாம எதுக்குப் போகணும்? போக வேண்டியது அவரு.”

“பழி வாங்குறதக் கர்த்தர் பாத்துக்குவார், ஹெப்சி. நமக்கு எதுக்கு?”

“அவரு பாக்குறப்ப பாக்கட்டும்” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.

அந்த வருடமே பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் சேர்ந்து, அடுத்த வருடம் அதற்குத் தலைவியானாள். அந்தப் பதவிக்கு அடித்துக்கொள்ள யாரும் இல்லை. ஆனால் பெற்றோரை வைத்து மட்டும் ஜெரால்டை ஒன்றும் செய்ய முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. உள்ளே ஆள் வேண்டும்.

பள்ளியின் தமிழாசிரியை நாகலக்ஷ்மி சர்க்கரை பார்க்க கிளினிக்குக்கு வந்தார். ஹெப்சிபா அவர் கையில் ரப்பரைக் கட்டி, ஊசியை எடுத்துக்கொண்டு கேட்டாள்.

“அன்னைக்கு நீங்களும் அங்கதான நின்னீங்க, டீச்சர்?”

“நின்னேன்.”

“சிரிச்சீங்களா?”

“இல்லம்மா. ஆனா வாயைத் தொறக்கவும் இல்ல.” நாகலக்ஷ்மி ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஸ்டாஃப் ரூம்ல ஹெட்மாஸ்டர் என்னை மாதிரி நொண்டி நடந்து காட்டுவார். அதுக்கும் நான் வாயைத் தொறந்ததில்ல.”

ஹெப்சிபா வலிக்காமல் ரத்தம் எடுத்தாள். அன்றிலிருந்து இருவரும் ஒரு கட்சி.

மாதம் ஒரு சனிக்கிழமை பெற்றோரையும் ஆசிரியர்களையும் ஒரே வகுப்பறையில் உட்காரவைத்தார்கள். ஜெரால்டுக்கு முதலில் பெருமையாக இருந்தது. படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார். அவர் கிளம்பிப் போன பிறகுதான் பேச்சு சூடுபிடிக்கும். மேலூரிலிருந்து வரும் குவாரி லாரி டிரைவர் சோணைமுத்து, தன் மகனிடம் ஜெரால்ட் “கல்லு ஏத்துறவன் பிள்ளைக்குத் தலையிலயும் கல்லுதான்” என்று சொன்னதைச் சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள்.

“மேலிடத்துக்குப் புகார் குடுத்துரலாம்மா” என்றார் சோணைமுத்து.

“ரூமுக்குள்ள சொன்னா ரூமுக்குள்ளயே முடிச்சிருவாங்கண்ணே. அவரு எங்க எல்லாரையும் சிரிக்க வச்சாரோ அங்க வச்சுச் சொல்லுவோம்.”

ஆண்டு விழாவுக்கு, பள்ளியை நடத்தும் சபையின் பிஷப் வந்திருந்தார். பெற்றோர் சார்பில் ஹெப்சிபா பேசட்டும் என்று நிகழ்ச்சியில் சேர்த்ததே ஜெரால்டுதான். அவள் வணக்கம் சொல்லிவிட்டு, “எங்க பிள்ளைங்க இந்தப் பள்ளிக்கூடத்துல கேட்ட வார்த்தையைப் பெத்தவங்க சொல்லுவாங்க” என்றாள். சோணைமுத்து ஏறினார். ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு இறங்கினார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர். பிறகு நாகலக்ஷ்மி காலை இழுத்து இழுத்து மேடையைக் குறுக்காக நடந்து வந்து, “என் நடையை சார் நல்லா நடிப்பார்” என்றார். பிஷப் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஜெரால்டின் முகம் வெளுத்துப்போனது. அந்த முகத்தைப் பார்க்கத்தான் ஹெப்சிபா அத்தனை நாள் காத்திருந்தாள். கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

அதோடு விட்டிருக்கலாம். அவளுக்கு ஆறவில்லை. மைக்கை வாங்கி, அன்று ஜெரால்ட் திக்கியதை அப்படியே திக்கிக் காட்டினாள், கடைசி ஆமென் வரைக்கும். யாரும் சிரிக்கவில்லை. நடுவரிசையில் ஜெஸி எழுந்து வெளியே போவதை ஹெப்சிபா மேடையிலிருந்தே பார்த்தாள்.

ஜெரால்டைப் பேரையூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றினார்கள். பிள்ளைகளைப் பற்றிய எந்தக் குறையையும் பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்து உட்கார்ந்துதான் பேச வேண்டும் என்று நிர்வாகம் முடிவெடுத்தது. சர்ச்சில் பலர் ஹெப்சிபாவின் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள்.

ஜெஸி மட்டும் ஒரு வாரம் கழித்து, சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி சொன்னாள். “நீயும் தி... திக்கிக் காட்டுனல்லம்மா.”

எத்தனையோ மாதம் கழித்து மகள் வாயிலிருந்து வந்த முழு வாக்கியம் அது. பதினொன்றாம் வகுப்புக்கு, ஜெஸி கேட்ட வேறு பள்ளியிலேயே ஹெப்சிபா சேர்த்துவிட்டாள். இப்போது மகள் பேசுகிறாள், பஸ்ஸைப் பற்றி, பரீட்சையைப் பற்றி. அந்த மேடையைப் பற்றி இருவரும் பேசுவதில்லை.

பேரையூரிலும் ஜெரால்ட் காலை ஜெபத்தில் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகளைக் கேலி செய்வதாக நாகலக்ஷ்மிக்குக் காதில் விழுந்தது. அடுத்த சனிக்கிழமை நாகலக்ஷ்மியும் ஹெப்சிபாவும் பஸ் ஏறினார்கள். பள்ளி வாசலில் மலையம்மாள் என்றொரு பெண் மகளுக்காகக் காத்திருந்தாள்.

“ஒங்க பிள்ளை இங்கயா படிக்குது?” என்று மலையம்மாள் கேட்டாள்.

“இல்ல.”

“அப்பறம் எதுக்கு இம்புட்டு தூரம் வந்திருக்கீக?”

“ஒங்க ஹெட்மாஸ்டரை எனக்கு நல்லாத் தெரியும்” என்று சொல்லி, ஹெப்சிபா வேப்பமர நிழலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.