ஒரு போர்வை, இரண்டு விதமான ஜெயில்

கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர் வேலை என்பது, யாரோ சொன்னதற்கு நாம் திட்டு வாங்குகிற வேலை. மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் தூது போனவர்களுக்கு என் கஷ்டம் புரியும். எண்பதுகளில் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே கோர்ட்டில் தமிழ் ஆள் யாராவது மாட்டினால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மாட்டாதவர்கள் விருந்துகளில் பிடித்துக்கொள்வார்கள்.

சாம்பார் சாதத்தோடு சட்டம்

பக்கத்து ஊர் சன்னிவேலில் ஒரு பர்த்டே பார்ட்டி. நான் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை, டாக்டர் அங்கிள் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மிஸ்டிமீனருக்கும் ஃபெலனிக்கும் என்ன வித்தியாசம் என்று அவருக்கு உடனே தெரிந்தாக வேண்டும்.

சொன்னேன். மிஸ்டிமீனர் சின்னக் குற்றம். அபராதம், மிஞ்சினால் உள்ளூர் கவுன்ட்டி ஜெயிலில் ஒரு வருஷம் வரை. ஃபெலனி பெரிய குற்றம்; ஸ்டேட் பிரிசனுக்கே அனுப்பலாம், அதுவும் வருஷக்கணக்கில். வெளியே வந்தாலும் அந்தப் பெயர் போகாது, வேலை கிடைக்காது, கிரீன் கார்டும் கோவிந்தா. சாதம் ஆறி அப்பளம் நமுத்துப்போகும்வரை உதாரணத்தோடு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "எல்லாம் சரிம்மா. ஊர்ல தெரிஞ்சா ரெண்டும் ஜெயில்தானே?"

நல்லவர் வாயைத் திறந்தால்

கோமதி அமெரிக்கா வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கடையில் ஒரு குழந்தைப் போர்வையை ஸ்ட்ரோலர் தள்ளுவண்டியின் அடித்தட்டில் வைத்துக்கொண்டு, காசு கொடுக்காமல் வெளியே வந்துவிட்டாள் என்று கேஸ். சின்னத் திருட்டு, மிஸ்டிமீனர். அவளுக்கு இங்கிலீஷ் வராது என்பதால் நான். கணவர் சுந்தரம் எஞ்சினியர். அவருக்குத் தாராளமாக வரும், அதுதான் தொல்லை. கோமதியின் வக்கீல் தன் அறையில் அவளைக் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும், நான் வாயைத் திறப்பதற்குள் இவர் பதில் சொல்லிவிட்டார்.

பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டால் ஜட்ஜ் மனமிரங்கி விட்டுவிடுவார் என்று அவருக்கு நினைப்பு. தப்பெல்லாம் தன்னுடையதாம். போர்வை வேண்டும் என்று அவள் கேட்டாளாம், இவர் காசு தரவில்லையாம், அதனால்தான் வெறுங்கையோடு கடைக்குள் போனாளாம். இதை ஜட்ஜிடமே சொல்லப்போகிறாராம்.

வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார். கடைக்குள் போன பிறகு ஆசைப்பட்டு எடுத்தால் சின்னத் திருட்டு. திருடும் எண்ணத்தோடே உள்ளே நுழைந்தால் கலிஃபோர்னியாவில் அது பர்க்லரி, ஃபெலனியாகவே போடலாம். காசில்லாமல் போர்வைக்காகப் போனாள் என்றால் வேறென்ன அர்த்தம்? ஸ்டேட் பிரிசன், அப்புறம் நாடு கடத்தல், கைக்குழந்தை யாரோடு? நான் இதைத் தமிழில் சொன்னபோது கோமதி குழந்தையை இறுக்கிக்கொண்டாள். சுந்தரம் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு என்னிடம் கேட்டார்: "அப்ப உள்ள போனப்புறம்தான் எடுக்கணும்னு தோணிச்சுன்னு சேஞ்ச் பண்ணிச் சொல்லிடவா?"

வராந்தாவில்

வக்கீல் குழந்தையை சுந்தரத்தின் கையில் கொடுத்து வெளியே அனுப்பினார். பிறகு கோமதியைப் பார்த்து, வேண்டுமென்றே எடுத்தாயா என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன். அவள் அழுது முடிக்கும்வரை இருவரும் காத்திருந்தோம். ஊரிலிருந்து கிளம்பும்போது அண்ணன் கொடுத்த டாலர் நோட்டுகளைக் கையில் மடித்து வைத்துக்கொண்டுதான் போயிருக்கிறாள். குழந்தை பாலைக் கக்கி, மூச்சுத் திணறி அலறியதும் அடித்தட்டில் வைத்த போர்வையை மறந்து, பதறிப்போய் ஸ்ட்ரோலரோடு வெளியே ஓடியிருக்கிறாள். அவளைப் பிடித்த கடைக் காவலாளியிடம் வக்கீல் விசாரித்தபோது அவரும், ஆமாம், கையில் பணம் இருந்தது என்று ஒப்புக்கொண்டார். அரசுத் தரப்பு கேஸைக் கைவிட்டது.

கோர்ட் வராந்தாவில் சுந்தரம் வக்கீலின் கையைக் குலுக்கி, இனிமேல் அவள் ஒழுங்காக இருப்பாள் என்று உத்தரவாதம் வேறு கொடுத்தார். அவர் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது. அது ஃபெலனி என்பதால் விட்டுவிட்டேன். கோமதி என் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னாள்: "கேஸ் போயிடுச்சுங்க. ஆனா எடுத்தியான்னு இவரு இன்னும் என்கிட்ட கேக்கவே இல்ல."

கட்டினவளை ஒரு வார்த்தை கேட்காமலே அவள் குற்றவாளி என்று முடிவு கட்டுவது மிஸ்டிமீனரும் இல்லை, ஃபெலனியும் இல்லை. அதனால்தான் நம் ஆட்கள் அதை இவ்வளவு தைரியமாகச் செய்கிறார்கள்.