துண்டுக்குள் பொய் சொல்லாதவர்

என் சம்பந்தி முருகையன் செஞ்சி வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஆட்டுத் தரகர். வாயைத் திறந்தால் வெள்ளாட்டையே தான் செம்மறி என்று நம்ப வைத்துவிடுவார். ஒருமுறை அவர் புகழ்ந்த புகழ்ச்சியில் ஒரு கிடாய் வெட்கப்பட்டுத் தலை குனிந்ததை நானே பார்த்தேன். நம்பாதவர்கள் அந்தக் கிடாயைக் கேட்டுக்கொள்ளலாம்.

ஆனால் விலை என்று வந்துவிட்டால் பேச்சு கிடையாது. கைமேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துத்தான் சொல்வார். வாய் சொன்னது காற்றோடு போகும். துண்டுக்குள் விரல் சொன்னது மாறாது. வல்லம், தொண்டூர் ஆட்கள்கூட அவர் வரும்வரை ஆட்டை விற்காமல் காத்திருப்பது அதனால்தான்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டிலேயே ஒரு வம்பு. அவர் மனைவி ராஜம்மாள் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த ஆடு கறுப்பி. ஒரு வியாழக்கிழமை, அதை மறுநாள் சந்தையில் தருவதாக அனந்தபுரம் வியாபாரி துரைக்கண்ணுவிடம் போனில் சொல்லிவிட்டார். "தரகன் வீட்ல ஆட்டுக்குப் பேர் வெச்சா யாவாரம் உருப்படுமா?" என்பது அவர் கட்சி. ராஜம்மாள் காலையிலிருந்து அவரோடு பேசவில்லை.

அன்று மாலை என் மகன் தேவேந்திரனும் மருமகள் மோனிகாவும் அங்கே ஒரு பலகை ஆட்டத்தை விரித்தார்கள். மோனிகா முருகையனின் மகள். ஆட்டம், பழைய கடற்கொள்ளைக்கார நாவல் ஒன்றை வைத்துச் செய்தது. புதையல் தேடிக் கப்பலில் போகிறோம். என்னோடு சேர்த்து ஐந்து பேர். ஆளுக்கொரு சீட்டு, குப்புற. நால்வர் மாலுமி, ஒருவர் மாறுவேடத்தில் கொள்ளைக்காரர். கப்பல் தீவைத் தொடுமுன் அது யாரென்று மற்றவர்கள் சரியாகக் கைகாட்ட வேண்டும். தவறினால் புதையல் அவருக்கு.

தன் சீட்டைப் பார்த்துவிட்டு ராஜம்மாள் வாய் திறந்தாள். "மாலுமிங்க ஜெயிச்சா கறுப்பி வீட்லயே இருக்கணும்."

"கொள்ளைக்காரன் ஜெயிச்சா?"

"நானே கவுத்த அவுத்துத் தரேன்."

முருகையனும் தன் சீட்டைப் பார்த்தார். "சரி" என்றார், ரொம்பச் சாதுவாக.

பகடை உருண்டது. புயல் வந்தது. குடிதண்ணீர்ப் பீப்பாய் உடைந்தது. முருகையன் என்னைக் காட்டினார். "பீப்பாய ஒடைச்சது சம்பந்தியம்மாதான். படிச்சவங்க. திட்டம் போட்டுத்தான் செய்வாங்க."

"நைனா சொல்றதும் சரியாத்தான் இருக்குது, அத்தே" என்றாள் மோனிகா.

"அம்மா, நீயா?" என்றான் நான் பெற்ற பிள்ளை.

முருகையன் சொன்ன அழகில் எனக்கே சந்தேகம் வந்து, சீட்டை எடுத்து இன்னொரு தரம் பார்த்துக்கொண்டேன். மாலுமிதான்.

தீவுக்கு ஒரே கட்டம். எல்லாக் கையும் என் பக்கம் எழும்பியது. ராஜம்மாள் மட்டும் புருஷன் தோளிலிருந்த துண்டை உருவினாள்; அவர் கைமேல் போட்டுத் தன் கையை உள்ளே விட்டாள்.

"மாலுமின்னா ஒரு விரல் புடி. கொள்ளைக்காரன்னா ரெண்டு."

"ஏய், இது ஆட்டத்துல இல்ல!"

"சந்தையில இருக்குதில்ல? புடி."

ஒரு விரல் பிடித்திருந்தால் போதும், ஆடு போயிருக்கும். துண்டு வெகுநேரம் அசையவில்லை. பிறகு லேசாக அசைந்தது. ராஜம்மாள் கையை வெளியே எடுத்தாள். புருஷனைக் காட்டினாள். மற்றக் கைகளும் அவர் பக்கம் திரும்பின.

மோனிகா அவர் சீட்டைப் புரட்டினாள். கறுப்புக் கொடி.

"அய்யோ நைனா! கூசாம ஒரு பொய் புடிச்சிருக்கலாமே?"

"வாயால இன்னா வேணா சொல்வேன். துண்டுக்குள்ள எப்படிடி?" என்றார், நாங்கள் ஏதோ அசிங்கமாகக் கேட்டுவிட்டது போல.

என்னைக் கொள்ளைக்காரியாக்கியதை அந்த நிமிஷமே மன்னித்தேன். கோர்ட்டில் சத்தியம் செய்துவிட்டுப் புளுகுகிறவர்கள் இருக்கிற ஊரில், விளையாட்டுக்குக்கூட அந்த மனிதரின் விரல் பொய் சொல்லவில்லை.

அவர் போனை எடுத்தார்.

"துரைக்கண்ணு, அந்தக் கறுப்பு ஆடு கைமாறிடுச்சுப்பா."

"யாரு வாங்கினது?"

"வீட்லதான்."

"இன்னா வெலைக்கு?"

முருகையன் ராஜம்மாளைப் பார்த்தார். "அதெல்லாம் வாயால சொல்றதில்ல" என்று போனை வைத்தார்.